என் அத்தானின் சுத்த ரத்தம்

என் அக்கா வீட்டுக்காரர் இந்த ஊரில் பாதிப் பேர் கையில் ஊசி குத்தியவர். மீதிப் பாதியும் என்றைக்காவது வந்துதானே ஆக வேண்டும் என்று நம்பிக்கையோடு இருப்பவர். ரத்தப் பரிசோதனை லேபில் இருபத்திரண்டு வருஷமாக டெக்னீஷியன். அதே லேபில் வாசல் கவுன்ட்டரில் உட்கார்ந்து பேர் எழுதுவது, ரிப்போர்ட் டைப் அடிப்பது, மயங்கி விழப்போகிறவர்களைப் பிடித்து உட்கார வைப்பது எல்லாம் நான். வேலை வாங்கிக் கொடுத்தது அத்தான்தான். அதை வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லிக் காட்டுவார். "அந்தத் தப்பை இன்னும் எத்தனை நாளைக்குச் சொல்லிக்கிட்டே இருப்பீங்க" என்று நானும் வாரத்துக்கு ஒரு தடவை கேட்பேன். மச்சினிக்கு அந்த உரிமைகூட இல்லாவிட்டால் எப்படி?

ஆள் மொத்தமே நாற்பத்து நான்கு கிலோ. சட்டைக்குள் அவர் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டும். ஆனால் கை இருக்கிறதே, சும்மா சொல்லக் கூடாது. எப்பேர்ப்பட்ட நரம்பையும் ஒளிந்துகொள்ள விடமாட்டார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு "எப்ப சார் குத்துவீங்க?" என்று நடுங்குகிறவர்களிடம், "பஞ்சை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு எழுந்திருங்க, அடுத்த ஆள் நிக்கறார்" என்பார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவரைக் கிண்டல் பண்ணியதே கிடையாது. மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பண்ணிவிட்டேன்.

முக்கியமாக அவருடைய ரத்தம். ரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும்போது, வந்தவர்களுடைய ரத்தத்தோடு, வைரஸ் இல்லவே இல்லை என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு ரத்தத்தையும் சேர்த்து வைக்க வேண்டும். அதற்குக் கன்ட்ரோல் என்று பேர். அதில் 'இல்லை' என்று வந்தால்தான் மற்ற ரிப்போர்ட்டை நம்பலாம். அதிலேயே 'இருக்கிறது' என்று வந்துவிட்டால் அன்றைய வேலை மொத்தமும் குப்பை. இதற்காகக் கம்பெனிக்காரர்களே ஒரு குப்பி கொடுப்பார்கள். அத்தானுக்கு அதைக் கண்டாலே ஆகாது. "ஃபாக்டரியில கலக்கினதெல்லாம் ரத்தமா?" என்பார். திங்கட்கிழமை காலை வந்ததும் சட்டைக் கையை மடித்து, ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டி, தன் இடது கையில் தானே குத்தி ஐந்து மில்லி எடுப்பார். மெஷினில் சுற்ற வைத்து, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரைச் சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து, மூடியில் பச்சை மையால் 'சுத்தம்' என்று எழுதி ஃப்ரீஸரில் அடுக்கிவிடுவார். அந்த வாரம் முழுக்க ஊர் ரத்தத்துக்கெல்லாம் அவர் ரத்தம்தான் சாட்சி. 'சுத்த ரத்தம்' என்று அவருக்குப் பேர் வைத்ததே நான்தான். முதுகுக்குப் பின்னால் சொல்வது தப்பு என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். மனுஷர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

இந்தப் பெருமை எவ்வளவு தூரம் போனது என்று கேளுங்கள். கல்லீரல் வைரஸுக்குத் தடுப்பூசி வந்திருக்கிறது என்று தெரிந்ததும் அக்காவையும், அப்போது பத்து வயசாக இருந்த மகளையும், என்னையும் கோழி பிடிப்பது மாதிரி பிடித்து ஆளுக்கு மூன்று ஊசி போட்டுவிட்டார். நான் அலமாரிக்குப் பின்னால் ஒளிந்தும் விடவில்லை. "உங்களுக்கு?" என்று அக்கா கேட்டாள். "எனக்கு எப்படிப் போட முடியும்? போட்டா என் ரத்தத்துல ஏதாவது மாறிடும். அப்புறம் கன்ட்ரோலுக்கு எங்க போறது?" என்றார். ஊருக்கே தடுப்பூசி போடச் சொல்கிறவர், தன் ரத்தம் கெட்டுவிடக் கூடாது என்பதற்காகத் தான் மட்டும் போட்டுக்கொள்ளவில்லை. உலகத்தில் வேறு யாருக்காவது இப்படி ஒரு யோசனை வருமா?

ஆனால் அந்த லேபில் அவர் செய்யும் ஒரு காரியத்துக்காக நான் அவருடைய எல்லாக் கிறுக்குத்தனத்தையும் பொறுத்துக்கொள்வேன். வைரஸ் இருக்கிறது என்று வந்த ரிப்போர்ட்டைக் கவுன்ட்டர் வழியாக நீட்ட விடமாட்டார். உள்ளே ஒரு சின்ன அறை. இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, மின்விசிறி. அங்கே கூட்டிப்போய் உட்கார வைத்து, கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்வார். "ரத்தத்துல ஒரு வைரஸ் இருக்கு, அவ்வளவுதான். நீங்க கெட்டுப் போயிடல. மாத்திரை இருக்கு, டாக்டர் இருக்காங்க. கூட உக்காந்து சாப்பிட்டா ஒட்டாது, தொட்டா ஒட்டாது. கட்டிக்கப்போற பொண்ணுக்குத் தடுப்பூசி போட்டிருந்தா தாராளமா கல்யாணம் பண்ணிக்கலாம்." உள்ளே போகும்போது செத்த முகத்தோடு போகிறவர்கள் வெளியே வரும்போது என்னிடம் மணி கேட்பார்கள். அவ்வளவு தெளிந்துவிடுவார்கள்.

இப்போது வம்புக்கு வருகிறேன்.

அக்கா மகளுக்கு இருபத்தாறு வயசு. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிற வேலை. ஒரு நாள் அந்தக் கட்டடத்து லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்று, இவள் உள்ளே நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்டாள். வெளியே இருந்து அதைச் சரி பண்ண வந்த மெக்கானிக், இவள் பயப்படாமல் இருக்க வேண்டும் என்று நாற்பது நிமிஷமும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறான். முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே குரலைப் பிடித்துப் போய்விட்டது என்றாள் என்னிடம். அதற்கப்புறம் அந்த லிஃப்ட் அடிக்கடி ரிப்பேர் ஆக ஆரம்பித்தது. நான் எதுவும் கேட்கவில்லை.

பழகிய பதினைந்தாவது நாளே அவன் சொல்லிவிட்டான், தன் ரத்தத்தில் கல்லீரல் வைரஸ் இருக்கிறது, தினம் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று. இவள் "சரி" என்றாளாம். ஊசி போட்டு வளர்த்த அப்பாவுக்குப் பிறந்தவள், வேறென்ன சொல்வாள்? அவனும் அவன் அம்மாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் கேட்டு வந்தார்கள். அம்மா தையல் கடை வைத்திருப்பவர். நெட்டையாக, நிமிர்ந்து, பேச்சைக் கத்தரித்துப் பேசுகிறவர். நானும் அங்கே இருந்தேன். நான் இல்லாமல் அந்த வீட்டில் எது நடந்திருக்கிறது?

வந்தவர்கள் உட்காருவதற்கு முன்பே அத்தான், "ரிப்போர்ட் கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அத்தான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு, "இது சரிப்பட்டு வராது" என்றார்.

"ஏன் சார்?" என்றான் அவன், கோபமே இல்லாமல். "நாலு வருஷம் முன்னாடி எனக்கு இது இருக்குன்னு சொன்னதே நீங்கதான். உங்க லேப்ல, உள் ரூம்ல. பொண்ணுக்குத் தடுப்பூசி போட்டிருந்தா தாராளமா கல்யாணம் பண்ணிக்கலாம்னு சொன்னீங்க. அதை நம்பித்தான் வந்திருக்கேன்."

 அத்தான் வாயைத் திறந்து என்ன சொன்னார் தெரியுமா? "அது பேஷண்டுக்குச் சொல்றது" என்றார்.

தையல்கார அம்மா மகனைப் பார்த்தார். "வா, போலாம்" என்றார். இரண்டு பேரும் நின்றபடியே வந்து, நின்றபடியே போனார்கள். அக்கா அடுப்படிக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்டினாள். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு அத்தானிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசாமல் இருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அவருக்குத் தெரியும்.

மகள் அழவில்லை, கத்தவில்லை. "அவருக்கு வேற ஊருக்கு மாத்தல் வந்திருக்கு. மாசக் கடைசியில கிளம்பறார். நீ சரின்னு சொன்னா கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போவேன். சொல்லலைன்னாலும் போவேன். ஆனா அப்புறம் இந்த வீட்டுக்கு வரமாட்டேன்பா" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான். ஒரே மகள். அவள் இல்லாத வீட்டில் அத்தான் ஒரு வாரம் தாங்கமாட்டார் என்று எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் பிடித்த பிடியை விடவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் எங்கள் டாக்டரம்மா புது மெஷின் வாங்கினார். லேப் அவருடையது. அதுவரைக்கும் எங்களிடம் இருந்தது அட்டைப் பரிசோதனைதான்; ஒரு சொட்டு விட்டால் கோடு வரும், அல்லது வராது. புது மெஷின் ரத்தத்தில் ஓடுகிற வைரஸை எண்ணியே சொல்லிவிடும், ஒரு மில்லிக்கு இத்தனை என்று. கம்பெனி ஆள் வந்து மூன்று நாள் கற்றுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அத்தானுக்கு மூளை வேலை செய்தது. மகளிடம், "அவனை நாளைக்கு லேபுக்கு வரச் சொல்லு. என் மெஷின்ல, என் கையால பாக்கறேன். ஒண்ணுகூட இல்லைன்னு வந்தா மேற்கொண்டு பேசலாம்" என்றார். ஒன்றுகூட இல்லாமல் எப்படி வரும் என்பதுதான் அவர் கணக்கு. பையன் வந்தான், கையை நீட்டினான், போனான். அத்தான் அவன் ரத்தத்தையும், இன்னும் ஆறு பேருடைய ரத்தத்தையும், தன்னுடைய 'சுத்தம்' குப்பி ஒன்றையும் மெஷினில் அடுக்கினார்.

சாயங்காலம் திரையில் வந்தது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டவன் பாருங்கள், பையன் ரத்தத்தில் எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லை. 'சுத்தம்' குப்பியில் நூற்று நாற்பது.

அத்தான் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"குப்பியை மாத்தி வெச்சியா?" என்றார்.

"யாரு?"

"நீதான். அவனோட ரத்தத்தை என் குப்பியில, என்னோடதை அவன் குப்பியில. அவளும் நீயும் சேர்ந்து பண்ற வேலைதான் இது."

நான் என் வாழ்க்கையில் எத்தனையோ திருட்டுத்தனம் செய்திருக்கிறேன். அக்கா மகள் சினிமாவுக்குப் போன நாட்களில் எல்லாம் 'என்கூடத்தான் இருந்தா' என்று பொய் சாட்சி சொல்லியிருக்கிறேன். அத்தானுடைய மதிய டப்பாவிலிருந்து தினம் எடுத்துத் தின்றிருக்கிறேன். ஒன்றுமே செய்யாத அன்றைக்குப் பார்த்து மாட்டிக்கொண்டேன். வந்ததே கோபம். "அத்தான், அந்த மெஷினோட மூடியை எந்தப் பக்கம் திறக்கணும்னுகூட எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா மாத்தியிருப்பேன், அது வேற விஷயம்" என்றேன்.

மறுநாள் பையனை மறுபடி வரவழைத்தார். தானே எடுத்து, தானே பேர் ஒட்டி, ஃப்ரீஸரைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். பாத்ரூம் போகும்போதுகூடச் சாவியோடுதான் போனார். கவுன்ட்டரை விட்டு என்னை எழுந்திருக்க விடவில்லை. சாயங்காலம் அதே கதை. பையனுக்கு ஒன்றுமில்லை, சுத்தத்தில் நூற்று முப்பத்தெட்டு.

"அப்போ அறையில ஒட்டிக்கிட்டிருக்கு" என்றார். இந்த வகை மெஷின் வைத்திருக்கிறவர்களுக்கு அது ஒரு நிஜமான பயம்தான். ஒருவர் ரத்தத்தில் இருந்து துளி எங்காவது தெறித்திருந்தால் அடுத்தவர் குப்பியில் ஏறிவிடும். மூன்று நாள் ப்ளீச்சிங் பவுடர் கரைத்து மேஜை, தரை, சுவர், கதவுப் பிடி, என் நாற்காலி எல்லாவற்றையும் தேய்த்தார். ரத்தம் கொடுக்க வந்தவர்கள் கண் எரிந்து அழுதுகொண்டே கையை நீட்டினார்கள். என் பச்சைப் புடவை ஒன்றில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. அதற்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

நான்காவது நாளும் நூற்று நாற்பது. அத்தான் கம்பெனி ஆளுக்குப் போன் போட்டு மெஷின் ஓட்டை என்று கத்தினார். அந்த ஆள் பொறுமையாக, "சார், உங்க கன்ட்ரோல் எங்க வாங்கினது?" என்று கேட்டார். அத்தான், "எங்கயும் வாங்கலை, என்னுது" என்றார்.  "வேற ரெண்டு மூணு பேர் ரத்தத்தை வெச்சுப் பாருங்களேன் சார்" என்று சொல்லிவிட்டு அந்த ஆள் போனை வைத்துவிட்டார்.

டாக்டரம்மா கை நீட்டினார். நான் நீட்டினேன். வாசல் வாட்ச்மேனையும் பிடித்து வந்தோம். வாட்ச்மேன் உடம்பில் ரத்தத்தைவிடச் சரக்குதான் அதிகம் என்பது அத்தானுடைய பழைய அபிப்பிராயம். கம்பெனி கொடுத்த குப்பியையும், பச்சை மை குப்பியையும் சேர்த்து வைத்தோம். இந்தத் தடவை மெஷின் பக்கத்திலேயே அத்தான், டாக்டரம்மா, நான் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

டாக்டரம்மாவுக்கு இல்லை. எனக்கு இல்லை. கம்பெனிக் குப்பியில் இல்லை. வாட்ச்மேனுக்கு இல்லவே இல்லை. அத்தானுக்கு நூற்று நாற்பத்தொன்று.

அவர் எழுந்து போனார். டாக்டரம்மா என் காதோடு, "நீ போய்ச் சொல்லு, உன் அத்தான்தானே" என்றார். "நீங்க சொல்லுங்க, நீங்கதானே டாக்டர்" என்றேன். இரண்டு பேரும் நீ முதலில், நான் முதலில் என்று ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தால், அவர் உள் அறையில் உட்கார்ந்திருக்கிறார். தன் நாற்காலியில் இல்லை, எதிர் நாற்காலியில்.

நாங்கள் வாசலிலேயே நின்றோம். "உள்ள வந்து கதவைச் சாத்துங்க" என்றார். "திறந்து வெச்சுக்கிட்டுச் சொல்லக் கூடாது. நிக்கவும் கூடாது, உக்காந்துதான் சொல்லணும்."

டாக்டரம்மா உட்கார்ந்து, அட்டைப் பரிசோதனை தேடுவது வைரஸ் போட்டிருக்கிற சட்டையை மட்டும்தான் என்றும், சட்டையைக் கழற்றிவிட்டுத் திரிகிற வைரஸ் அதில் சிக்காது என்றும், புது மெஷின் ஆளையே பிடித்து எண்ணுகிறது என்றும் சொன்னார். எப்போதோ, எந்த ஊசி முனையிலோ ஏறியிருக்கலாம். கொஞ்சமாகத்தான் இருக்கிறது, கல்லீரலைப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும் என்றார். "யாருக்காவது ரத்த தானம் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டார். நாலு தடவை போயும், எடை பத்தாது என்று ரத்த வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றார் அத்தான். அதை ஒரு அவமானமாகவே பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தவர், அன்றைக்கு அதைச் சொல்லி முடித்ததும் மூச்சு விட்டார்.

கிண்டல் பண்ண எனக்கு எத்தனை வார்த்தை கிடைத்திருக்கும், யோசித்துப் பாருங்கள். ஒன்றும் வரவில்லை. இருபது வருஷமாக என்னோடு சண்டை போட்ட மனுஷர் அந்த நாற்காலியில் அவ்வளவு சின்னதாக உட்கார்ந்திருந்தார். "உன் அக்காவுக்கும் பாப்பாவுக்கும் பாக்கணும்" என்றார். அன்றைக்கே பார்த்தோம். அவர் விரட்டி விரட்டிப் போட்ட ஊசி நன்றாகவே வேலை செய்திருந்தது. இரண்டு பேருக்கும் இல்லை.

மாசக் கடைசிக்கு ஐந்து நாள் இருந்தது. விஷயம் தெரிந்தது டாக்டரம்மாவுக்கும் எங்கள் நான்கு பேருக்கும்தான். அக்காதான் முதலில் ஆரம்பித்தாள். "பையனுக்கு இல்லைன்னு வந்துடுச்சுல்ல? அதை மட்டும் சொல்லி, சரின்னுடுங்க. உங்களோடதை எதுக்கு ஊரெல்லாம் சொல்லணும்?" என்றாள். மகள் அப்பாவைப் பார்த்தாள். நான் மட்டும் விடுவேனா? "அவங்க வந்தப்போ உக்காரக்கூடச் சொல்லாம ரிப்போர்ட் கேட்டோம். இப்ப அவங்க கேக்காட்டியும் நாம காட்டணும்ல?" என்றேன். அத்தான் என்னை முறைத்தார். முறைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார். "நீயும் வா. தனியாப் போனா பாதியில திரும்பிடுவேன்" என்றார்.

தையல் கடை குறுகலானது. ஒரு மெஷின், தொங்குகிற துணிகள், வெட்டின துண்டுகள் காலடியில். அம்மா தைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தும் நிறுத்தவில்லை. பையன் பின்னால் பொத்தான் டப்பாவைக் குடைந்துகொண்டிருந்தவன் எழுந்து நின்றான். அத்தான் இரண்டு தாள்களையும் துணி வெட்டும் பலகையில் வைத்தார். "இது உங்க பையனோடது. ஒண்ணும் இல்லை. இது என்னோடது. நூத்தி நாப்பத்தொண்ணு" என்றார்.

மெஷின் நின்றது. அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு இரண்டையும் பார்த்தார். "எண்ணிக்கை எங்களுக்கு ஒரு பொருட்டில்லை" என்றார். "அன்னிக்கு எங்களை நிக்க வெச்சுப் பேசினீங்க. என் பையன் வீட்டுக்கு வந்து, நான் தப்பு பண்ணிட்டேனாம்மான்னு கேட்டான். அவன் என்ன தப்பு பண்ணான்? அதுக்கு பதில் சொல்லுங்க."

அத்தான் பதில் சொல்லிப் பழக்கப்பட்டவர். எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்.  அன்றைக்கு, "அவர் பண்ணலை. நான்தான் பண்ணினேன்" என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கல்யாணத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நான் முழங்கையால் இடித்தேன். அவர் அந்தப் பேச்சை எடுக்காமல் பலகையில் இருந்த தாள்களை நேராக அடுக்கினார். அந்த அம்மாவும் கேட்கவில்லை. மறுபடி மெஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

பையன்தான் கேட்டான். "டாக்டர்கிட்ட போனீங்களா சார்?"

"இல்ல."

"ஏன்?"

அத்தான் தரையில் கிடந்த துண்டுத் துணிகளைப் பார்த்தபடியே, "பயமா இருக்கு" என்றார். அக்காவிடம் சொல்லவில்லை, என்னிடம் சொல்லவில்லை, டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை. யாரை வேண்டாம் என்றாரோ அவனிடம் சொன்னார்.

"வியாழக்கிழமை எனக்குச் செக்கப் இருக்கு. கூட வாங்க. அந்த டாக்டர் நல்லாப் பேசுவாங்க" என்றான் அவன்.

வியாழக்கிழமை மூன்று பேரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் எதற்கு என்றால், அக்காவுக்கு ஒரு வார்த்தை விடாமல் சொல்ல ஆள் வேண்டுமே. கல்லீரல் பிரிவில் நீள பெஞ்சு. பையன் முதலில் உள்ளே போய் ஐந்தே நிமிஷத்தில் வந்துவிட்டான். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். அத்தான் பதற்றத்தில் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். பையன் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினான். பேர், வயசு, வேலை, எத்தனை வருஷமாக ஊசியோடு புழங்குகிறார், தடுப்பூசி உண்டா. அந்தக் கேள்விக்கு "இல்ல" என்று அத்தான் முனகினார். நான் சிரிக்காமல் இருக்க என் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

எல்லாம் எழுதிக்கொண்டே வந்தவன் கடைசிக் கட்டத்தில் பேனாவை நிறுத்திவிட்டான். அத்தான், "என்ன கேட்டிருக்கு?" என்றார்.

"கூட வந்தவர், நோயாளிக்கு என்ன உறவுன்னு கேட்டிருக்கு சார்" என்றான். "மேடம் பேரை எழுதிடவா? மச்சினின்னு போட்டுடறேன்."

"நீதானே கூட்டிட்டு வந்தே?"

அவன் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். அத்தான் அவன் கையிலிருந்து படிவத்தையும் பேனாவையும் வாங்கினார். தாளைத் தூரத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கி, கட்டம் எங்கே இருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து, அதில் 'மருமகன்' என்று எழுதினார். பாதி எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

"சரியா இருக்கா பாரு" என்று நீட்டினார்.

அவன் அதை வாங்கிப் பார்த்தான். "சரியா இருக்கு மாமா" என்றான்.